கர்த்தரின் கையும் கியாசோ எல்லையும்

படிக்காத பாடத்தில் பரீட்சைக்குப் போனால் மூளை சும்மா இருக்காது. அகப்பட்டதை எடுத்து நீட்டிவிடும். என் மூளை என் அப்பாவை எடுத்து நீட்டியது.

எம்மன்புரூக்கே என்ற சுவிஸ் ஊரில் எங்கள் வீட்டுச் சாமியறையில் பிள்ளையார் இருந்தார். ஆனாலும் "பிள்ளைக்கு இங்கிலீஷ் வரட்டும்" என்று அப்பா என்னை ஒரு சின்னக் கிறிஸ்தவ உயர்பள்ளியில் சேர்த்துவிட்டார். அங்கே அமெரிக்க வரலாற்றை வேதாகமத்தோடு சேர்த்தே படிப்பித்தார்கள். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ஒரே கேள்வி: "இதில் கர்த்தருடைய கை எங்கே தெரிகிறது?" (எனக்கு எங்கேயும் தெரியவில்லை. புத்தகத்தைத் திறந்தால்தானே!) ஓரிடத்தில் இருந்து படிக்க எனக்கு வராது. ஒரு பக்கம் வாசித்தால் குளிர்பெட்டியைத் திறப்பேன். அடுத்த பக்கத்துக்குப் பல்கனிக்குப் போவேன். அதோடு அன்றைய படிப்பு முடிந்துவிடும்.

ஆண்டிறுதியில் பெற்றோர் முன்னிலையில் வாய்மொழிப் பரீட்சை. தவறினால் கோடை விடுமுறை போச்சு. அப்பா ஆஸ்பத்திரிக் குசினி வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கல்யாணக் கோட்டோடு முன்வரிசையில் வந்து இருந்தார்.

வரலாற்று ஆசிரியர் டேவிட் அமெரிக்கர். கனிவாகக் கேட்டார்: "நிம்மதியாகக் கடவுளைக் கும்பிட இடம் தேடி இங்கிலாந்தைவிட்டுப் போனவர்கள் பில்கிரிம்கள். அவர்களுடைய பயணத்தில் கர்த்தருடைய கை எங்கே தெரிகிறது?"

என் கால்கள் மேசைக்குக் கீழே தையல் மெஷின் மிதித்தன. ஊரில் இருக்க முடியாமல் வெளிக்கிட்டவர்கள்... எங்கேயோ கேட்ட கதை!

"ஏஜென்டில்" என்றேன்.

"யாரில்?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. அப்பாவை ஊரிலிருந்து களவாகக் கூட்டிவந்த ஏஜென்ட் நடுவழியில் விட்டுவிட்டு ஓடியதை, லொறிக்குள் மூச்சு முட்டியதை, கியாசோ எல்லையில் போலீஸ் பிடித்ததை, முதல் குளிர்காலத்தை அகதிகளைத் தங்கவைத்த நிலக்கீழ் பங்கரில் கழித்ததை எல்லாம் ஆங்கிலத்தில் பொழிந்து தள்ளினேன். டேவிட் சேர் பேனையை மூடினார்.

அப்பாவுக்கு ஆங்கிலம் விளங்காது. ஆனால் 'ஏஜென்ட்', 'லொறி', 'கியாசோ' நன்றாக விளங்கும். எழும்பிவிட்டார்.

"பிள்ளை, கியாசோ இல்லை, பாசல் எல்லை!"

"அப்பா, இருங்கோ!"

"பிழையாச் சொன்னால் மார்க்ஸைக் குறைப்பினம். நான் சொல்லுறன்."

சேரின் பக்கம் திரும்பி, தன் குசினி ஜெர்மனில் முழுக்கதையையும் சொன்னார். "லொறி இருட்டுக்குள்ள ஒரு வேதக்கார அண்ணை ஜெபம் சொன்னவர். நான் தேவாரம் பாடினனான். எது வேலை செய்ததெண்டு இண்டைக்கும் தெரியாது."

எனக்கு மேசைக்குள் புகுந்துவிடலாம் போல இருந்தது. டேவிட் சேர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "உங்கள் பயணத்தில் கர்த்தருடைய கை தெரிகிறது. ஆனால் உங்கள் மகளுக்குப் பாடம் தெரியவில்லை."

கோடை முழுக்க வெக்கையில் பில்கிரிம்களோடு கிடந்து, மறுபரீட்சை எழுதித் தப்பினேன். அவர்கள் போனது கப்பலிலாம்.

இன்றைக்கும் லோசானிலிருந்து சித்தப்பா போன் எடுத்தால், "பில்கிரிம் நிக்கிறாரோ?" என்றுதான் கேட்பார்.

அப்பா குரலைச் செருமிக்கொண்டு சொல்வார்: "ஓம், பில்கிரிம்தான் கதைக்கிறன்."