டி.வி.டி. மேல் நின்ற கொலு

சினிமா பார்ப்பது வேறு, சினிமா சேர்ப்பது வேறு. பார்ப்பவனுக்குப் படம் முடிந்ததும் வேலை முடிந்துவிடும். சேர்ப்பவனுக்கு அப்போதுதான் ஆரம்பிக்கும். டப்பாவைத் துடைக்க வேண்டும், உறையின் முனை மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இயக்குநர்வாரியாக அடுக்க வேண்டும், அடுத்த மாதம் அதையே கலைத்து மொழிவாரியாக அடுக்க வேண்டும். (இப்படிப்பட்டவனுக்கும் நம்பிப் பெண் கொடுத்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்.)

மயிலாப்பூரில் எங்கள் வீடு இரண்டு அறை, ஒரு கூடம். அதில் ஓர் அலமாரி முழுக்க என் டி.வி.டி.க்கள். அம்மு பிறந்ததும் முதலில் கீழ்த்தட்டு அவளுடைய துணிக்குப் போனது. பிறகு நடுத்தட்டு. அவள் முட்டி போட்டுத் தவழ ஆரம்பித்தபோது அலமாரியே அவளுடையதாகி, என் படங்கள் கூடத்து மூலையில் அகதிகள் மாதிரி குவிந்து கிடந்தன. என் மனைவி வைதேகி இரண்டு உத்தரவு போட்டாள். புதிதாக ஒரு டிஸ்க்கூட வாசலைத் தாண்டக் கூடாது. இருக்கிற குப்பை நவராத்திரிக்குள் கூடத்தைக் காலி செய்ய வேண்டும்.

அந்த வருடம் நவராத்திரி எங்களுக்கு லேசுப்பட்ட விஷயமில்லை. வைதேகியின் அம்மா வைத்திருந்த கொலு பொம்மைகள் அதுவரை அடையாறில், அவளுடைய அக்கா சாரதா வீட்டில் இருந்தன. 'பெண் குழந்தை இருக்கற ஆத்துல வைக்கட்டுமே' என்று சாரதா அக்கா அரை மனதாக முதல் தடவையாக எங்களுக்குக் கொடுத்தார். பொம்மைகள் வந்துவிட்டன. அக்கா வீட்டு இரும்புப் படி மட்டும் எங்கள் கூடத்துக்குள் நுழைய மறுத்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது.

"படியை நான் கட்டறேன். டி.வி.டி.யை வரிசையா அடுக்கி, மேல பலகை போட்டு, வேட்டி விரிச்சா ஆச்சு. கூடமும் காலி, படியும் ரெடி" என்றேன்.

வைதேகி என்னையும் மூலையையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரி. ஆனா ஒரு பொம்மைக்கு மூக்கு போனாலும் மொத்தமும் பழைய பேப்பர்காரருக்குப் போயிடும். அப்பறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கப்படாது."

"ஒண்ணும் ஆகாது" என்றேன். என் வாழ்க்கையில் இந்த வாக்கியத்தைச் சொன்ன ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று ஆகியிருக்கிறது.

செங்கல் மாதிரி படுக்க வைத்து அடுக்கியிருந்தால் யானையே ஏறி நின்றிருக்கும். வைதேகியும் அதைத்தான் சொன்னாள். ஆனால் படம் சேர்ப்பவர்கள் டிஸ்க்கைப் படுக்க வைக்க மாட்டார்கள். புத்தகம் மாதிரி நிற்க வைக்க வேண்டும், முதுகில் பெயர் தெரிய வேண்டும்.

"பத்து நாள்ல என்ன வளைஞ்சுடப் போறது?" என்றாள்.

"கொள்கைன்னு ஒண்ணு இருக்கில்லையா?"

நான் எல்லா டப்பாக்களையும் நெருக்கமாக நிற்க வைத்து, மேலே பலகை போட்டு, அதன்மேல் இன்னொரு வரிசை நிற்க வைத்து, ஐந்து படி கட்டினேன். முன்பக்கமும் பக்கவாட்டிலும் வெள்ளை வேட்டி. பின்பக்கம் மட்டும் திறந்து விட்டேன். ஒன்பது நாளும் அவற்றின் முகத்தைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியாது. (சிரிக்காதீர்கள், உங்களுக்கும் ஏதாவது ஒன்று இருக்கும்.)

கலசம் வைத்தாயிற்று. வைத்த பிறகு கொலுவைக் கலைக்கக் கூடாது. விஜயதசமி இரவு ஒரு பொம்மையைச் சம்பிரதாயத்துக்குப் படுக்க வைக்கும்வரை எதையும் அசைக்கக் கூடாது. இந்த விஷயத்தில் வைதேகி கறார், சாரதா அக்கா அதைவிடக் கறார்.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் கை அரித்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கொலுவுக்குப் பின்னால் போய், ஓரத்திலிருந்து ஒரே ஒரு படத்தை மெதுவாக உருவினேன். படி அசையவில்லை. திரும்பினால், அம்மு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போதாததற்கு, அவளைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு நகர்ந்தேன். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அதைவிடத் தெளிவாக யாரும் பாடம் நடத்தியிருக்க முடியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாரதா அக்கா தன் சிநேகிதிகள் இரண்டு பேரோடு வந்தார். பாய் விரித்தாயிற்று, பாட்டு ஆரம்பமாயிற்று. நான் நல்ல மாப்பிள்ளையாகக் கொலுவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நமஸ்காரம் செய்வது மாதிரி குனிந்தபோதுதான் பார்த்தேன். மூன்றாவது படி இடது பக்கமாகச் சாய்ந்திருந்தது. அந்தப் படியின் ஓரத்தில் செட்டியார் பொம்மை, பரப்பிய மளிகைச் சாமான்களோடும் பெரிய தொப்பையோடும், மெல்ல, மிக மெல்ல நகர்ந்துகொண்டிருந்தார்.

சட்டென்று தரையில் உட்கார்ந்து, படியை மூடியிருந்த வேட்டிக்குள் வலது கையைத் தோள்வரை விட்டுத் துழாவினேன். நெருக்கமாக இருக்க வேண்டிய இடத்தில் பாதி காலி. மிச்சமிருந்த டப்பாக்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்திருந்தன. பலகையைக் கண்டுபிடித்து உள்ளங்கையால் தாங்கினேன். செட்டியார் நின்றார்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கையை எடுத்தால் செட்டியார் போவார். செட்டியார் போனால் பல வருடம் சேர்த்த அத்தனை படமும் போகும். வாயைத் திறந்து சொன்னால் சாரதா அக்கா பொம்மைகளை அன்றைக்கே அடையாறுக்கு எடுத்துப் போவார், வைதேகி என்னை எங்கேயாவது அனுப்புவாள். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு தியானம் செய்வதுபோல உட்கார்ந்தேன்.

"ரகுவுக்கு இவ்வளவு பக்தின்னு எனக்குத் தெரியாதே" என்றார் அக்கா.

"எனக்கும் தெரியாது" என்றாள் வைதேகி, சந்தேகமாக.

சுண்டல் வந்தது. இடது கையால் வாங்கினேன். அக்காவின் புருவம் உயர்ந்தது. "பெரியவா எதிர்ல இடது கையா?" என்று ஒரு சிநேகிதி முணுமுணுத்தது காதில் விழுந்தது. கையில் முதலில் எறும்பு ஊறியது, பிறகு தீப்பிடித்தது, பிறகு அது என் கையே இல்லை என்று ஆனது. அடுத்து, என்னையும் ஒரு பாட்டுப் பாடச் சொன்னார்கள். பாடினேன். ஒரு கையால் பலகையைத் தாங்கிக்கொண்டு எந்தச் சுருதியில் பாட முடியுமோ அந்தச் சுருதியில் பாடினேன். யாரும் இன்னொன்று பாடச் சொல்லவில்லை.

அப்போது அம்மு கொலுவுக்குப் பின்னாலிருந்து வந்தாள், கையில் ஒரு டி.வி.டி.யோடு. நேராக என்னிடம் வந்து, "ப்பா, தா" என்று நீட்டினாள். நான் பலகையின் வலது பக்கத்தைப் பார்த்தேன். அதுவும் இறங்க ஆரம்பித்திருந்தது.

"வைதேகி!" என்றேன். அது அழைப்பு இல்லை, முனகல்.

அவள் வந்து விளக்குத் திரியைத் தூண்டுவது மாதிரி குனிந்தாள். வேட்டியை ஒரு விரல் தூக்கினாள். என் கையைப் பார்த்தாள். குழந்தையின் கையைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஓடியதை நான் எழுதப் போவதில்லை.

"எத்தனை நாழியா இப்படி இருக்கே?" என்று உதட்டை அசைக்காமல் கேட்டாள்.

"முதல் பாட்டுலேர்ந்து."

"உருவினதெல்லாம் எங்க?"

அதற்கு அம்முவே பதில் சொன்னாள். குளியலறைப் பக்கம் கையைக் காட்டி, "தொம்" என்றாள். வைதேகி அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வாளி நிறையத் தண்ணீர், தண்ணீர் நிறைய என் படங்கள். சொட்டச் சொட்ட அவற்றைக் கூடத்தின் வழியே எடுத்து வர முடியாது. புத்தகம் கொண்டுவந்து ரகசியமாக வைத்துப் பார்த்தாள், உயரம் பற்றவில்லை. எவர்சில்வர் டப்பா, உயரம் கூடிப்போனது. பலகைக்குக் கீழே பொருந்தக்கூடிய பொருள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

வைதேகி அடுக்களைக்குள் போனாள். நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு அவள் பேசுவது நன்றாகக் கேட்டது.

"ஷபீர் அண்ணாவா? நான் ரகு ஆத்துக்காரி பேசறேன். உங்ககிட்ட பழைய டி.வி.டி. இருக்குமே, ஒரு பை நிறைய உடனே எடுத்துண்டு வாங்கோ. என்ன படமா இருந்தாலும் பரவாயில்லை. ப்ளூரே வேண்டாம், அது உயரம் கம்மி."

வலியிலும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. இத்தனை வருடம் நான் பேசியதெல்லாம் சுவரில் மோதித் திரும்பியது என்று நினைத்திருந்தேன். ப்ளூரே டப்பா உயரம் குறைவு என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது!

ஷபீர் என் நண்பன். பாண்டி பஜாரில் முன்பு டி.வி.டி. விற்றான், இப்போது செல்போன் உறையும் சார்ஜரும் விற்கிறான். விற்காமல் தங்கிய படங்கள் அவனிடம் மூட்டையாக இருந்தன. ஆனால் அது தீபாவளிக் கூட்டம் ஆரம்பித்துவிட்ட வெள்ளிக்கிழமை. தி.நகரிலிருந்து ஒரு ஸ்கூட்டர் மயிலாப்பூர் வந்து சேர்வதற்குள் என் கை நிரந்தரமாகப் படியின் ஒரு பாகமாகிவிடும் என்றே நினைத்தேன். வைதேகி அம்முவை இடுப்பைவிட்டு இறக்காமல், அக்காவை எழவும் விடாமல், 'இன்னொண்ணு பாடு, அம்மா பாடுவாளே அது' என்று கெஞ்சிக்கொண்டே இருந்தாள். அக்கா கிளம்ப எழுந்த ஒவ்வொரு முறையும் பலகை கொஞ்சம் இறங்கியது.

ஒருவழியாக ஷபீர் வந்தான், தோளில் பெரிய பையோடு.

"சீரியல் செட் எரியலை, பார்க்க வந்திருக்கார்" என்றாள் வைதேகி. கொலுவுக்குக் கட்டிய அந்த விளக்குச் சரம் அவள் தலைக்கு மேல் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

"கொலு சோக்கா கீது அக்கா" என்று சாரதா அக்காவுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு அவன் பின்பக்கம் தவழ்ந்து போனான். டப்பாக்கள் உள்ளே நுழைகிற சத்தம் கேட்டது. திடீரென்று நின்றது.

"மச்சி" என்று கிசுகிசுத்தான். "இது பேய்ப் படம்டா. சாமி பொம்மைக்குக் கீய வெக்கலாமா?"

"வைடா!"

"குடும்பப் படம் பக்கத்துலயா? ஒரு வரிசை வேணாமா?"

எனக்கும் அது உறுத்தத்தான் செய்தது. "ஒரே இயக்குநர் படமா இருந்தா சேர்த்து..." என்று ஆரம்பித்தேன். வைதேகி பார்த்த பார்வையில் வாக்கியம் அங்கேயே நின்றது.

கடைசி டப்பா நுழைந்ததும் பலகை மெல்ல நிமிர்ந்து என் உள்ளங்கையைவிட்டுத் தானாக எழுந்தது. கையை வெளியே எடுத்தேன். செட்டியார் மூக்கும் முழியுமாக இருந்தார்.

அத்தோடு முடிந்திருக்கும். ஷபீர் பின்னாலிருந்து எழுந்து, முட்டியைத் தட்டிக்கொண்டே, நல்லெண்ணத்தில் சாரதா அக்காவிடமே சொன்னான்: "கவலப்படாதீங்க அக்கா, அவன் கைய எடுத்தாகூட இனிமே நிக்கும்."

சாரதா அக்கா எழுந்தார். கொலுவைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். அங்கே நின்று, என் படங்களையும் ஷபீரின் பேய்களையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"அம்மாவோட பொம்மையை இந்தக் குப்பை மேலயா வச்சிருக்கே, வைதேகி?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பழைய பேப்பர்காரரின் தராசு கண்ணுக்குத் தெரிந்தது.

"குப்பை இல்லக்கா" என்றாள் வைதேகி. "அது அவரோடது. பொம்மை எதுவும் உடையலையே?"

அன்று அவள் என்னைக் காப்பாற்றினாள் என்பதை இதற்குமேல் அலங்காரமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அக்கா அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு உயிரில்லாமல் தொங்கிக்கொண்டிருந்த என் வலது கையைப் பார்த்தார். உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை, வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "அதான் இடது கையால சுண்டலா!" என்று பாயில் சாய்ந்து சிரித்தார்.

படங்கள் தப்பின. ஷபீர் பையோடு கொண்டுவந்ததைத் திரும்ப எடுத்துப் போகவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை. அம்மு இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். டப்பாக்களைப் படுக்க வைத்துத்தான் அடுக்குகிறோம். என் கொள்கையில் அந்த அளவுக்கு விட்டுக்கொடுத்தேன்.

ஆனால் சாரதா அக்கா விடவில்லை. நவராத்திரிக்கு என்றில்லை, கல்யாணம், காதுகுத்து, எங்கே என்னைப் பார்த்தாலும் முதலில் குசலம் விசாரிப்பதில்லை. "ரகு, ரெண்டு கையையும் காட்டுங்கோ" என்பார். சபை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். நான் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டுவேன். அதன் பிறகுதான் அவர் உட்காருவார்.