மதகுக் கட்டையில் கிடக்கிறவர்

அன்புத் தம்பி நல்லக்கண்ணுவுக்கு அக்கா வேம்பு எழுதுவது. நீயும் பெண்சாதி பிள்ளைகளும் சுகமாயிருக்க மாரியாத்தாளை வேண்டிக்கொள்கிறேன். இங்கே பசுமாடு சுகம். மற்றவர்கள் சங்கதி கீழே.

சர்க்கார் ஆள் வந்த அன்றைக்கு வாய்க்கால் மதகுக் கட்டையில் இருந்தவர்கள்: ரெத்தினம், அவனை ஒட்டி இராஜாங்கம், சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் துணி மூட்டையோடு நெய்னா முகம்மது, ஓரத்தில் உன் மச்சான், அவருடைய வெற்றிலையைக் காலி பண்ணிக்கொண்டு நீ. எதிரே எங்கள் குத்தகை வயலில் நண்டு பிடித்துக்கொண்டு தனிக்கட்டை பக்கிரி. கஞ்சிக் கலயத்தோடு வரப்பில் நான். ஒருத்தர் முகமும் எனக்கு மறக்கவில்லை.

'மச்சான் ஏன் எந்நேரமும் அந்தக் கட்டையிலேயே கிடக்கிறார், வேறு போக்கிடம் இல்லையா' என்று தஞ்சாவூரில் கரண்டுக் காத்தாடிக்கு அடியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாயே, உனக்குக் கை கூசவில்லையா? குத்தகைக்காரன் பேரைப் பதிய சர்க்கார் ஆள் குடையோடு வந்தார், எதற்கு வந்தார் என்று உங்களில் ஒருத்தருக்கும் தெரியாது, அறுப்புத் தகராறில் முந்தின வாரம்தான் கீழத்தெரு ஆட்களைப் போலீஸ் லாரியில் ஏற்றிப் போயிருந்தார்கள், அவர் "இந்த வயலைச் சாகுபடி பண்றது யாருய்யா?" என்று கேட்டதும் அடுத்த லாரி நமக்குத்தான் என்று பயந்து, காலமெல்லாம் அதை உழுத உன் மச்சான் கொக்கைப் பார்ப்பதுபோல ஆகாசத்தைப் பார்த்தார், நீங்கள் நாலு பேரும் பக்கிரி பக்கம் கையை நீட்டினீர்கள், அந்த மடையனும் கையில் நண்டோடு "நான்தாங்க எசமான்" என்றான். குத்தகைக்காரன் பக்கிரி என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

"ஏண்டா அப்படிச் சொன்னே?" என்று நான் அவன் தலையில் குட்டினேன். "அண்ணனுக்குப் புள்ளகுட்டி இருக்கு. எனக்கு யாரு இருக்கா? செயிலுக்கு நான் போயிட்டு வரேன்னுதான் அக்கா..." என்று அழுதான். ஜெயில் வரவில்லை. வயல் வந்தது. ஒருநாளும் உழைக்காமல் அந்தக் கட்டையில் உருண்டவன் இப்போது விடிந்தால் சேற்றில் நிற்கிறான், கன்னம் ஒட்டிப்போய்விட்டது. உழைத்த மனுஷன் கட்டையில் உட்கார்ந்து, "டேய், மேமடையை அடைடா! எருவைத் தூக்கி எறியாதே, தூவுடா!" என்று கத்துகிறார். அவனும் "சரிண்ணே" என்று செய்கிறான். போன நடவுக்கு என் வயலிலேயே நான் கூலிக்கு நட்டேன் தம்பி. கூலியை என் கையில் கொடுக்காமல் வரப்பில் வைத்துவிட்டு ஓடினான்.

"வீட்டுல உக்காந்தா என்ன, ஆலமரத்தடியில உக்காந்தா என்ன?" என்று கேட்டுப் பார்த்தேன். "அங்கேருந்து வயலு தெரியலையே வேம்பு" என்றார். ரெத்தினத்தைக் கேட்டால், "தனியா உக்காந்தா வேலையத்த பய அக்கா, நாலு பேரோட உக்காந்தா ஊர்க்காரன்" என்கிறான். நீ கேட்டதற்கு இதுதான் பதில்.

மனுப் போட்டு அலைந்ததில் மூன்று வருஷம் போனது. வருகிற வியாழக்கிழமை தாலுகா ஆபீசில் விசாரணை. அன்றைக்குக் கை நீட்டியவன் நீ, வந்து உண்மையைச் சொல். விட்டுக்கொடுக்கிறேன் என்று பக்கிரியே சொல்லிவிட்டான். இதை விட்டால் எங்களுக்குச் சோறு கிடையாது.

உன் பிள்ளைகள் வயிறு நிறைந்து வளரட்டும். உன் பெண்சாதியை நான் கேட்டதாகச் சொல். அவள் என்னைக் கேட்காவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
அக்கா வேம்பு

பின்குறிப்பு: நீ வரவேண்டாம். இப்போதுதான் தெரிந்தது, உன் மச்சான் நேற்றே தாலுகா ஆபீசுக்குப் போய், வயல் பக்கிரியுடையதுதான் என்று கைநாட்டு வைத்துவிட்டு, வந்ததும் மறுபடி கட்டையில் உட்கார்ந்துகொண்டார். கேட்டால், "எனக்காக செயிலுக்குப் போக நின்னவன்கிட்ட எந்த வாயால திருப்பிக் கேக்குறது?" என்கிறார். பக்கிரியை மன்னித்தேன். உன்னையும் போனால் போகிறதென்று விட்டேன். தாலி கட்டிய நாளாக நான் வாய்விட்டுச் சொல்லாத பேர் ஒன்று இருக்கிறது. அந்த ஆளை மட்டும் கட்டை வேகிற வரைக்கும் மன்னிக்க மாட்டேன். எழுதுகிறேன், நன்றாகப் பார்த்துக்கொள்: மருதையன்.