கீறலை எடுத்தவன்

பழைய பொருளைப் புதுசாக்கித் தருகிறேன் என்று கிளம்புகிறவனை வீட்டுக்குள் விடக் கூடாது. நான் வீட்டிலேயே பிறந்துவிட்டதால் அப்பாவுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று.

அப்பா எங்கள் ஊரான பெருமாட்டியில் கல்யாணங்களுக்கு ரேடியோ செட் வாடகைக்கு விட்டவர். கப்பலில் வேலை பார்த்த நண்பர் கொடுத்த ஜமைக்கா இசைத்தட்டு ஒன்று அவரிடம் இருந்தது. அந்த ஊரின் ஆரம்பகால ரெகே இசை, போனவளைத் திரும்பி வரச் சொல்லும் பாட்டு. கல்யாணமான புதிதில் அம்மாவின் வளையல் பட்டு முள் சறுக்கி, தட்டில் கீறல் விழுந்தது. அன்றிலிருந்து ‘கம் பேக்’ என்ற இடத்தில் பாட்டு மூன்று முறை கெஞ்சிவிட்டுத்தான் நகரும். அம்மா அடுப்படியிலிருந்து கூடவே மூன்று முறை பாடுவாள். (அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் மொத்தமும் அவ்வளவுதான்.) நாங்களும் அப்படியே பாடிப் பழகினோம்.

அம்மா இறந்த பிறகு அப்பா அந்தத் தட்டைத் தொடவில்லை.

எனக்கோ பழைய ரெகே தட்டுகளை மறுபடி வினைலில் அச்சிட்டு விற்கும் தொழில். (இதற்கு என் மனைவி வேறு பெயர் வைத்திருக்கிறாள்.) பாடகரின் மகளைத் தேடிப்பிடித்து அனுமதி வாங்கினேன். மூலப் பதிவு நாடா தொலைந்துபோனதால், அப்பாவின் தட்டிலிருந்துதான் பிரதி எடுத்தாக வேண்டும்.

"பாத்துக் கண்ணு, எனக்கு இது ஒண்ணுதான் இருக்குது" என்று கொடுத்தார்.

கீறல், இரைச்சல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் துடைத்தெடுத்தேன். துடைக்காத பதிவு இடத்தை அடைக்கிறதென்று அழித்தேன். தட்டைத் திருப்பிக் கொடுக்க வரும் வழியில், அதைக் காருக்குள் வைத்துவிட்டுச் சித்தூரில் சாயா குடித்து வருவதற்குள் வெயில் அதை அப்பளமாக்கியிருந்தது. நான் கவலையே படவில்லை. அதைவிட நல்லது வரப்போகிறதே!

புதுத் தட்டு வந்ததும் சொந்தபந்தங்களைக் கூட்டினேன். பாடகரின் மகள் வீடியோ காலில் வந்தார். அப்பா சலவை வேட்டி கட்டி முன்வரிசையில் உட்கார்ந்தார்.

‘கம் பேக்’ வந்தது. பாடகர் ஒரே தடவை சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். குடும்பம் மொத்தமும் மீதி இரண்டை முழுத் தொண்டையில் பாடிக்கொண்டிருந்தது. தன் தகப்பனாரை நாங்கள் வழிமறித்துவிட்டதைப் போல பாடகரின் மகள் திரையில் விழித்தார்.

அப்பா மட்டும் பாடவில்லை.

"பாட்டு நல்லாத்தான் கண்ணு இருக்குது. உங்கம்மாவத்தான் காணம்."



மறுநாள் அப்பா பீரோவிலிருந்து அம்மாவின் வளையலை எடுத்துவந்து புதுத் தட்டுகளைக் கீறத் தொடங்கினார். ஒன்றன்பின் ஒன்றாக வீணாயின. (வெளிநாட்டுக்காரர்கள் ஏங்கிக் காத்திருந்த தட்டுகள். அடுத்ததை நானே எடுத்து நீட்டினேன்.) கடைசியில் ஒன்றில் முள் துள்ளி, பாடியதையே திரும்பப் பாடியது. ஆனால் ஒரு வரி தள்ளி.

இன்றைக்கும் நான் எதையாவது துடைக்க எடுத்தால், "அவன்கிட்டக் குடுக்காதீங்க, கீறலை எடுத்துப்போடுவான்" என்கிறார் சித்தி. வீடே சிரிக்கிறது.

அம்மாவின் திதியன்று அந்தத் தட்டைத்தான் போடுகிறோம். பழைய இடம் வந்ததும், பழக்கத்தில், எல்லோரும் மூன்று முறை கூப்பிட்டுவிடுகிறோம். தட்டு ஒரு வரி கழித்துத்தான் துள்ளும். அதுவரை அப்பா அடுப்படிப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார்.