கருணைச் சாரதியும் கூறைத் தட்டமும்

உலக சமாதானம் எங்கே தொடங்கும் என்று பெரிய நாடுகள் எல்லாம் மாநாடு கூட்டித் தேடுகின்றன. வீண் செலவு. அது வெள்ளவத்தையில், என் கணவர் ஸ்ரீஸ்கந்தராசாவின் காரில் ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

‘வீதியில் நிதானம்’ என்ற செயலமர்வுக்குப் போய்வந்த நாளிலிருந்து அவர் ‘கருணைச் சாரதியர் ஒன்றிய’த்தின் தலைவர். ஒன்றியத்தின் முதலாவது தீர்மானம்: வீதியில் எவர் முந்தினாலும், குறுக்கே விழுந்தாலும், புன்னகையுடன் வழிவிடுதல்.

தீர்மானம் என் தம்பி தேனுஜனின் கல்யாணத்தன்று ‘நடைமுறைப்படுத்தப்பட்டது’. மாப்பிள்ளையும் அம்மாவும் நேரத்தோடு கொட்டாஞ்சேனை மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். மாப்பிள்ளைத் தோழியான நான், கோயில் பூசையில் வைத்த தாலியும் கூறைச் சேலையும் உள்ள தட்டத்தை மடியில் ஏந்திக்கொண்டு, இவருடைய காரில் போனேன். ‘புறப்பட்டேன்’ என்பதே சரி. போகவில்லை.

பம்பலப்பிட்டியில் ஒரு பஸ்ஸுக்கு வழிவிட்டார். அதற்குப் பின்னால் வந்த பஸ்ஸுக்கும், அதை முந்திய த்ரீவீலுக்கும், கிடைத்த இடைவெளியில் நுழைந்த சைக்கிளுக்கும் விட்டார்.

“ஸ்துதி, மாத்தயா!” என்று சிங்களத்தில் நன்றி சொல்லி பஸ் கொண்டக்டர் கையசைத்தான். இவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“பாரும் மிதுனா, மனிசத்தன்மை இன்னும் சாகேல்லை.”

பொரளையில் ஒரு லொறிக்காகக் காத்து நின்றோம்.

“அவர் முதல்ல போகட்டும்.”

“ஆர் போறது? லொறிக்குள்ள ஒருத்தரும் இல்லை. பார்க் பண்ணியெல்லோ கிடக்கு!”

“வந்து எடுப்பார்தானே. பாவம், களைச்சிருப்பார்.”

அம்மா போனில் அழுதார். “பிள்ளை, எங்க நிக்கிறியள்? ஐயர் மணிக்கூட்டையே பாக்கிறார். முகூர்த்தம் தப்பப்போகுது!”

பின்னால் வான் வண்டியில் வந்தவர் எங்கள் தெருத் துணிக்கடை புவாத். இறங்கிவந்து கண்ணாடியில் தட்டினார்.

“சேர், போறீங்களா, இல்லாட்டி இங்கயே அத்திவாரம் போடப் போறீங்களா?”

“உங்கட கோபம் எனக்கு விளங்குது, தம்பி.”

“எனக்கு உங்கட கருணைதான் விளங்கல்ல!”

(பின்னால் நிற்பவர்கள் மீதான கருணை, ஒன்றியத்தின் அடுத்த கூட்டத்தில் ஆராயப்படும்.)

இடம் மாறி, தட்டத்தை இவர் மடியில் வைத்துவிட்டு ஸ்டியரிங்கை நான் பிடித்தேன். அடுத்த சந்தியில் ஒரு த்ரீவீல் குறுக்கே விழுந்தது. தீர்மானத்தின்படி புன்னகையுடன் வழிவிட்டேன். பக்கத்து இருக்கையில் தலைவர் வெடித்தார்.

“விசரே உனக்கு? பிறேக்! கியரை மாத்து! ஆரடி உனக்கு லைசன்ஸ் தந்தது? மாடு மாதிரிப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்!”

கொட்டாஞ்சேனை வரைக்கும் இந்த ‘விழிப்புணர்வு நிகழ்ச்சி’ இடைவேளையின்றி நடந்தது. ஆனாலும் முகூர்த்தம் தப்பமுதல் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். ஐயர் இழுத்துப் பிடித்திருந்த மூச்சை விட்டார்.

மண்டப வாசலில் கேட்டேன். “றோட்டில போற வாறவை எல்லாருக்கும் சிரிச்சியள். எனக்கு மட்டும் ஏனப்பா இந்தக் கத்தல்?”

தலைவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். “அவையெல்லாம் பிறத்தி ஆக்கள். நீ என்ர மனுசியெல்லே!”

இந்த ஆழ்ந்த அன்பில் நெகிழ்ந்தபடியே உள்ளே போனேன். மணப்பெண் சாருஜா கூறை மாற்றக் காத்திருந்தாள். சேலைக் கொய்யகத்தை மடித்துச் செருகிவிட்டு, தோழி என்ற முறையில் அவள் காதில் ஒன்றே ஒன்று சொன்னேன்:

“தாலி ஏறினாப் பிறகும் என்ர தம்பிக்குக் கொஞ்சம் பிறத்தி ஆளாவே இரு, பிள்ளை.”