நூறடிக் கோபுரமும் வெளுத்துப்போன கல்யாணச் சேலையும்

தனிமை மனிதனை ஞானியாக்கும் என்று சொல்பவர்கள் யாரும் கொல்லிமலையில் ஓவர்சீயராக இருந்ததில்லை. என்னை அது முட்டாளாக்கியது. (அஸ்திவாரம் முன்பே பலமாக இருந்தது என்பது என் மனைவியின் கட்சி.)

வெள்ளைக்காரன் காலம். ஆனியில் கல்யாணம், இருபதாம் நாளே மலைமேல் அரியூர் நாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காட்டுத்தீயைக் கவனிக்க நாற்பதடி மூங்கில் கோபுரம் கட்ட வேண்டும். முடியும்வரை மலையிறங்கக் கூடாது. வள்ளி சேந்தமங்கலத்தில், அவள் அப்பா வீட்டில். தலை தீபாவளிக்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மாலையில் ஆட்கள் போனபின் நானும் அளவு நாடாவும்தான். சில நாள் அதனிடம் பேசியும் இருக்கிறேன்.

முப்பதடி எழும்பியதும் மேலே ஏறிப் பார்த்தேன். எதிர்முகடு ஊரை மறைத்தது. நூறடி இருந்தால் சேந்தமங்கலம் தெரியுமே! வரைபடத்தைத் திருத்தினேன். "ஞாயிறுதோறும் கல்யாணச் சேலையை மொட்டை மாடியில் விரித்துப் போடு, பார்ப்பேன்" என்று வள்ளிக்குக் கடிதமும் எழுதினேன்.

கூடுதல் மூங்கில் வெட்டச் சொன்னதும் மேஸ்திரி சடையன் தலையைச் சொறிந்தார்.

"வளர்பிறைங்க சாமி. இப்ப வெட்டுனா உளுத்துப் போயிருமுங்க. தேய்பிறை வரட்டுங்க, பத்து நாளுதான்."

"நிலாவுக்கும் மூங்கிலுக்கும் என்னய்யா சம்பந்தம்? வெட்டு!"

எழுபதடி வந்தபோது என் தலையில் மூங்கில் மாவாகக் கொட்டியது. வண்டு! மேல்தட்டைப் பிரித்து ஐம்பதடி என்று வரைபடத்தைத் திருத்தினேன். மழை பிடித்துக்கொண்டது. கீழ்மூங்கிலிலும் வண்டு ஏறியது. முப்பதடி. பிறகு பன்னிரண்டடி. இதற்கிடையில் தலை தீபாவளி போயே போய்விட்டது. அன்று குடிசையில் உட்கார்ந்து அழுதேன்.

பார்வையிட வந்த துரை ஏறி நின்று, "என்ன தெரிகிறது?" என்றார்.

"கேழ்வரகுக் காடு, சார்."

கீழே சடையன் முணுமுணுத்தார்: "குருவி ஓட்டப் பரண் வேணுமுன்னு சொல்லியிருந்தா, ஒரே நாள்ல போட்டுருப்பனுங்களே சாமி!"

துரை வேலையைச் சடையனிடமே ஒப்படைத்து என்னைக் கீழே அனுப்பினார். சடையன் தேய்பிறையில் மூங்கில் வெட்டி, நாற்பதடியில் கச்சிதமாக முடித்தாராம்.

இன்றும் நான் எதையாவது பெரிதாகத் திட்டமிட்டால், பிள்ளைகள் "அப்பா நூறடிக்கு ஏத்துறாரு" என்பார்கள். உடனே வள்ளி பெட்டியைத் திறந்து அந்தச் சேலையை எடுத்து வருவாள். ஒரு பக்கம் சிவப்பு. வெயில் பட்ட மறுபக்கம் வெளுத்துப்போன ரோஸ்.

"ஏனுங்க, நாப்பதடியோட நிறுத்தியிருந்தா, தீவாளிக்கே ஊட்டுக்கு வந்து கிட்டவே பாத்திருக்கலாமில்லீங்க?"