முடியப்பக் கரடி செய்த மூன்றரைக் கிலோ துப்பாக்கி

ஒரு காட்டில் சிங்கராஜாவுக்கு மூட்டுவலி வந்துவிட்டது. அதனால் வேட்டை குறைந்து விழாக்கள் பெருகின. ராஜா உட்கார்ந்தபடி பார்க்கவும், போட்டியாளர்கள் உட்கார்ந்தபடி ஆடவும் தோதான ஒரு விளையாட்டு தேவைப்பட்டது. நகரத்துப் பக்கம் போய்வந்த நாரையார் ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். மேசைமேல் மணல்மூட்டையைப் போட்டு, அதன்மேல் துப்பாக்கியைப் படுக்கவைத்து, ஐம்பது மீட்டர் தள்ளி நட்டிருக்கும் அட்டையைச் சுட வேண்டும். மேசைக்கு ஓர் அட்டை, அட்டையில் இருபத்தைந்து வட்டங்கள். வட்டத்துக்கு ஒரு குண்டு. தோட்டாவும் சின்னது, பாயின்ட் டூ-டூ என்கிற பொடித் தோட்டா. அட்டையைத் தவிர வேறு யாருக்கும் காயம் படாது.

ராஜாவுக்குப் பிடித்துப்போயிற்று. ஆசையாக ஒரு துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்தார். தோள்பட்டை பிடித்துக்கொண்டது. அந்த நிமிடமே விதி பிறந்தது: தொலைநோக்கியோடு சேர்த்துத் துப்பாக்கியின் எடை மூன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. வெல்பவர் காட்டின் துப்பாக்கி ஆசான் ஆவார். குளக்கரை இலுப்பை மரமும் ஆயுளுக்கும் அவருடையது.

இலுப்பை என்றதும் கரடி முடியப்பனுக்கு நாக்கில் நீர் ஊறியது. பூ உதிரும் காலத்தில் அந்த மரத்தடியில் மானோடும் பன்றியோடும் மல்லுக்கட்டியே அவனுக்குப் பாதி ஆயுள் போயிருந்தது. அவன் நேராகக் குரங்கு வியாபாரியிடம் போய், தன் குடும்பத்துத் தேனடை மரத்தைக் கொடுத்துவிட்டு, ஓர் எஃகுக் குழலை வாங்கிவந்தான்.

அவன் மனைவி சடைச்சி குழலை ஒரு பக்கத்திலிருந்து பார்த்தாள். மறுபக்கம் வானம் தெரிந்தது. "புள்ளைங்க பசின்னு வந்தா இதுவழியா நிலாவைக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் கறையான் புற்றைத் தோண்டப் போய்விட்டாள்.

முடியப்பன் மரங்கொத்தி ஆசாரியைப் பிடித்து ஈட்டி மரத்தில் துப்பாக்கிக்குக் கட்டை செய்யச் சொன்னான். அழகென்றால் அழகு, தடவிக்கொண்டே இருக்கலாம்போல இருந்தது. ஆனால் தராசில் ஏற்றியதும் ஐந்து கிலோ காட்டியது. ஈட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு இலவ மரத்துக்கு வந்தார்கள். ஆசாரி உள்ளே கொத்திக் கொத்திக் குடைந்து கட்டையைப் புல்லாங்குழல் மாதிரி ஆக்கினார். எஃகுக் குழலை வெட்டி நீளத்தைக் குறைத்து, வெளிப்புறத்தை அராவி மெலிதாக்கினார்கள். இரும்புத் திருகாணிகளைக் கழற்றி அலுமினியத்தில் போட்டார்கள். தன் முடி உதிர்ந்து துப்பாக்கியில் ஒட்டினால் எடை ஏறுமே என்று முடியப்பன் இரண்டு முன்னங்கைகளையும் மழித்துக்கொண்டான். அன்று பிள்ளைகள் அவனை அடையாளம் தெரியாமல் குகைக்குள் ஓடி ஒளிந்தன.

இப்படி எல்லாவற்றிலும் மிச்சம்பிடித்த எடையை அவன் ஒன்றில் மட்டும் தாராளமாகச் செலவழித்தான். அது தொலைநோக்கி. அதன் வழியே பார்த்தால் ஐம்பது மீட்டரில் ஓர் எறும்பு மென்று தின்பது தெரியும். எறும்புக்குப் பக்கத்தில் யானை நின்றால் தெரியாது.

சும்மா சொல்லக் கூடாது, வேலை சுத்தமான வேலை. எந்தப் பெட்டித் தோட்டா தன் குழலோடு ஒத்துப்போகிறது என்று ஒவ்வொன்றாகச் சுட்டுப் பார்த்துப் பொறுக்கினான். வழிநெடுகக் குச்சி நட்டு நாணல்பூவைக் கட்டி, காற்று எந்தப் பக்கம் சாய்கிறது என்று படித்தான். கடைசியில் அவன் சுட்ட ஐந்து குண்டும் ஒரே ஓட்டை வழியாகப் போயின. சடைச்சி அந்த அட்டையை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு பழைய சாக்கைக் கிழித்து அவனுக்கு ஒரு மணல்மூட்டை தைத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு முடியப்பனுக்குப் பயம் வந்துவிட்டது. அதுவரை தோற்றால் தேன் மட்டும்தான் போயிருக்கும்.

போட்டி நாளில் எடை பார்க்கும் வரிசையிலேயே சோதனை வந்தது. இரவு பெய்த பனியை இலவங்கட்டை குடித்திருந்தது. தராசு முள் விதியைக் கொஞ்சம் தாண்டி நின்றது. நாரையார் தலையை ஆட்டிவிட்டார். முடியப்பன் யோசிக்கவில்லை, கட்டையின் அடிப்பக்கத்தில் ஒரு கடி கடித்துத் துப்பினான். முள் இறங்கியது.

இந்தக் களேபரத்தில் அவன் கடைசியாகத்தான் தன் மேசைக்கு வந்துசேர்ந்தான். பக்கத்து மேசையில் உறங்காப்புலி என்ற தேவாங்கு உட்கார்ந்திருந்தான். பெயர்தான் உறங்காப்புலி. பகலானால் அவனுக்குக் கண் நிற்காது. போட்டியாளர்களுக்குச் சாப்பாடு உண்டு என்று கேள்விப்பட்டு, யாரோ காட்டில் எறிந்துவிட்டுப் போன துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். அதில் தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் தாழ்ப்பாளே கிடையாது. மணி அடிப்பதற்கு முன்பே கட்டையில் கன்னத்தை வைத்து அவன் தூங்கிப்போனான். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குக் குறிபார்ப்பதுபோலவே இருந்தது.

முடியப்பன் தொலைநோக்கியில் கண்ணை வைத்தான். வட்டங்கள் பளிச்சென்று வந்து நின்றன. நாணல்பூ சாய்ந்தது, நிமிர்ந்தது. மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, விசையைத் தொட்டான்.

பின்னால் நின்ற சடைச்சியிடம் தொலைநோக்கி இல்லை. அதனால் அவளுக்கு எல்லாம் தெரிந்தது. புருஷன் சுடும்போதெல்லாம் துடித்தது தேவாங்கின் அட்டை. முடியப்பனுடைய அட்டை அசையாமல் நின்றது.

"என்னங்க, அந்த அட்டை..." என்று ஆரம்பித்தாள்.

கோட்டுக்குப் பின்னால் நிற்பவர்கள் பேசக் கூடாது என்பது விதி. நாரையார் அலகை நீட்டி அவளை எச்சரித்தார். முடியப்பன் கண்ணை எடுக்காமல், "காத்து பேசுது. நீ பேசாத" என்றான். காற்றைப் படிக்கக் கற்றிருந்த பெருமிதம் அவன் குரலில் இருந்தது. சடைச்சி மீண்டும் வாயைத் திறந்தபோது அவளை வேலிக்கு அப்பால் கொண்டுபோய் விட்டார்கள்.

அட்டைகள் வந்தன. நாரையார் ஒவ்வோர் ஓட்டையிலும் அலகை விட்டு அளந்தார். தேவாங்கின் அட்டையில் இருபத்தைந்து வட்டத்திலும் குண்டு நடுமையத்தில் விழுந்திருந்தது. அப்படி ஓர் அட்டையை அவர் நகரத்திலும் கண்டதில்லை. முடியப்பனின் அட்டை சலவைக்குப் போட்டு எடுத்ததுபோல இருந்தது.

முடியப்பனுக்கு விஷயம் உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உறைத்ததும் காலித் தோட்டாக்களை அள்ளிக்கொண்டு ஓடினான். இவையெல்லாம் நான் சுட்டவை, அட்டை மாறிவிட்டது என்று முறையிட்டான். காலித் தோட்டாவை யாரும் பொறுக்கலாம், மதிப்பெண் அட்டைக்கே தவிர ஆளுக்கல்ல என்றார் நாரையார். தேவாங்கின் துப்பாக்கியில் தாழ்ப்பாளே இல்லையே, அது எப்படிச் சுடும் என்று முடியப்பன் கேட்டான். அப்போதுதான் ராஜா அந்தத் துப்பாக்கியை வாங்கித் தூக்கிப் பார்த்தார். தோள் வலிக்கவில்லை. தாழ்ப்பாளைக்கூடத் துறந்து எடையைக் குறைத்த துணிவை அவர் சபையில் பாராட்டினார்.

கடைசியில் தேவாங்கையே எழுப்பிக் கேட்டார்கள். அவன் பாவம், நல்லவன்.

"நான் சுடவே இல்லைங்களே" என்றான்.

கூட்டம் கைதட்டியது. இருபத்தைந்துக்கு இருபத்தைந்து எடுத்துவிட்டு, சுட்டது நானில்லை என்று சொல்ல எவ்வளவு தன்னடக்கம் வேண்டும் என்று ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவன் மறுபடியும் சத்தியம் செய்தான். கைதட்டல் இன்னும் ஓங்கியது.

உறங்காப்புலி துப்பாக்கி ஆசான் ஆனான். பகல் வகுப்பில் அவன் தூங்குவான், எதிரே குட்டிகள் மூச்சை அடக்கி அதைக் குறிப்பெடுக்கும். மரங்கொத்தி ஆசாரிக்கு மூச்சுவிட நேரமில்லை. காட்டிலிருந்த துப்பாக்கிகளின் தாழ்ப்பாள்களையெல்லாம் கழற்றச் சொல்லி வரிசையில் நின்றார்கள்.

முடியப்பன் பல நாள் குகையைவிட்டு வெளியே வரவில்லை. கையில் முடி முளைத்துவிட்டது, முகம் மட்டும் தெளியவில்லை. சடைச்சி ஒருமுறைகூட, நான் அப்பவே சொன்னேனே என்று கேட்கவில்லை. அதுதான் அவனுக்கு அதிகமாக வலித்தது.

அடுத்த போட்டி அறிவிப்பு வந்த அன்று குகைவாசலில் ஆள் அரவம் கேட்டது. முதலில் காட்டுப்பன்றி ஒரு பலாப்பழத்தோடு வந்து, அண்ணன் இந்தமுறை எந்த மேசை என்று விசாரித்தது. பின்னாலேயே முள்ளம்பன்றி கிழங்கோடு வந்தது. நீர்நாய் மீனோடு வந்தது. காட்டில் உள்ள அத்தனை பேருக்கும் உண்மை தெரிந்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை, எல்லாரும் அவனுக்குப் பக்கத்து இடத்தைத்தான் கேட்டார்கள்.

சடைச்சி எல்லாரையும் மரியாதையாக உட்காரவைத்து, கொண்டுவந்ததை உள்ளே வாங்கிவைத்து, பக்கத்து மேசை உங்களுக்குத்தான் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி அனுப்பினாள். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த முடியப்பனுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு மேசைக்கு இரண்டு பக்கம்தானே உண்டு என்றான்.

சடைச்சி பலாச்சுளையை அவன் வாயில் வைத்தாள். "நீங்க சுடுறதை மட்டும் பாருங்க. பக்கத்தை நான் பாத்துக்கறேன்."

நீதி: கைத்திறன் உள்ளவன் துப்பாக்கி செய்வான், விவரம் உள்ளவன் அவனுக்குப் பக்கத்தில் தூங்குவான், இருவரையும்விட விவரம் உள்ளவர், அந்தப் பக்கத்து இடத்தைப் பத்துப் பேருக்கு விற்பவர்.