நெஞ்சுவலியும் ஒரு தொகுதியும்

"படுங்க மாமா, படுங்க! பத்திரிகைக்காரங்க கீழே வந்துட்டாங்க!"

மைத்துனர் சொல்லி முடிப்பதற்குள், கண்ணாடி முன் நின்று மீசைக்கு மை தீட்டிக்கொண்டிருந்த முன்னாள் அமைச்சர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பாய்ந்தார். முனகியது கட்டில்தான்.

பதவியில் இருந்தபோது அவர் ஒரு பாலம் கட்டினார். அது ஆற்றின் இந்தக் கரையில் தொடங்கி, கொஞ்சம் வளைந்து, இந்தக் கரையிலேயே முடிந்தது. வழக்குப் போட்டார்கள். கைது செய்ய வந்த அன்று, அவருடைய அந்தஸ்தில் உள்ளவர்களுக்கு முறைப்படி வரும் நெஞ்சுவலி அவருக்கும் வந்தது.

அந்த வலி நிஜம்தானா என்று பார்க்க நீதிமன்றம் இன்று ஒரு டாக்டரை அனுப்புகிறது. பொய் என்றால் சிறை. தேர்தலில் நிற்க உடம்பில் தெம்பு இருக்கிறதா என்று பார்க்கக் கட்சித் தலைமையும் இன்றே ஓர் ஆளை அனுப்புகிறது. வலி நிஜம் என்றால் சீட்டு கிடையாது.

"ஒருத்தன் வந்தா சாகணும், இன்னொருத்தன் வந்தா குதிக்கணும். நடுவுல போட்டோ வேற எடுத்தான்னா தொலைஞ்சேன்" என்றார் அமைச்சர். "மச்சான், கதவு நம்பரைக் கழட்டிப் பக்கத்து ரூம்ல மாட்டு. அங்க இருக்கறதை எடுத்து இங்க மாட்டு."

ரத்த அழுத்தம் பார்க்க வந்திருந்த நர்ஸம்மா நிமிர்ந்தார். "அதெல்லாம் மாத்தக் கூடாது சார்."

"ஊர் பேரையே மாத்தினவன் நான். ஒரு நம்பரை மாத்தக் கூடாதா?"

"பக்கத்து ரூம்ல ஒருத்தர் இருக்காரே சார்."

"கேக்குதே, காலையில இருந்து மேடையில பேசற மாதிரி கத்திக்கிட்டுத்தான் இருக்கான். தொண்டை நல்லா இருக்கு. பத்திரிகைக்காரனை அவனே பாத்துப்பான்."

மைத்துனர் வக்கீல். வழக்கில் அவர் படிப்பு எடுபடாவிட்டாலும் திருப்புளி பிடிக்கும் கை சுத்தமாக இருந்தது. நம்பர்கள் இடம் மாறின. பத்திரிகைக்காரர்கள் பக்கத்து அறையில் எட்டிப் பார்த்து, வேறு யாரோ என்று திரும்பிப் போனார்கள். அமைச்சர் தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார். நெடுநாளாக அதை வேறு யாரும் மெச்சவில்லை.

மைத்துனர் டீ குடிக்கப் போன நேரத்தில் கதவு மெதுவாகத் திறந்தது. கையில் ஒரு ஃபைலோடு ஒல்லியான மனிதர் வந்து உட்கார்ந்தார். டாக்டர் கோட்டும் இல்லை, கட்சி பேட்ஜும் இல்லை.

"எப்படி இருக்கீங்க?"

இவ்வளவு கஷ்டமான கேள்வியைச் சட்டசபையில்கூட யாரும் கேட்டதில்லை.

"இருக்கேன்... ஆனா அவ்வளவா இல்ல" என்றார், இரண்டு பக்கமும் சேதமில்லாமல்.

வந்தவர் எழுதிக்கொண்டார். "ராத்திரி தூக்கம் வருதா?"

கோர்ட் டாக்டர்தான்! "எங்க சார் வருது? நெஞ்சை அப்படியே பிசையுது..." கண்கள் செருகின.

"கூட்டத்தைப் பாத்தா எப்படி இருக்கு?"

அடடா, கட்சி ஆள்! செருகிய கண்கள் திறந்தன. அமைச்சர் துள்ளி இறங்கி, ஓரமாக நின்ற ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "கூட்டத்தைப் பாத்தாத்தான் சார் எனக்கு உயிரே! இப்பவே ஒரு மேடை போடுங்க!"

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

சிலிண்டர் கீழே இறங்கியது. அவர் அதற்கும் கீழே போனார். "ஐயோ அம்மா..."

வந்தவர் ஒரு பக்கம் முடித்து அடுத்த பக்கம் புரட்டினார். "யாராவது உங்களுக்கு எதிரா சதி பண்றாங்கன்னு தோணுதா?"

கட்சி ஆளேதான். சந்தேகமே இல்லை. தரையிலிருந்து எழுந்து சட்டையை உதறிக்கொண்டார். "தோணுதாவா? எல்லாரும் பண்றாங்க! இப்ப டீ குடிக்கப் போயிருக்கானே என் மச்சான், அவனும்தான்!"

"காதுல ஏதாவது குரல் கேக்குதா?"

"தூங்கறப்பகூட! வாழ்க, வாழ்கன்னு."

"உங்களைத் தெரிஞ்சவங்க நிறைய பேரோ?"

"என்ன கேள்வி இது? ஒரு சுவர் பாக்கியில்லாம என் மூஞ்சிதான். இந்த மாநிலமே என்னை நம்பித்தான் மூச்சு விடுது."

"என்னவெல்லாம் செஞ்சிருக்கீங்க?"

"பாலம் கட்டினேன்."

"எங்கிருந்து எங்க?"

"இந்தக் கரையில இருந்து..." அமைச்சர் தொண்டையைச் செருமினார். "இந்தக் கரைக்கு."

வந்தவர் பேனாவை மூடி, அவர் கையைப் பாசமாகத் தட்டிக்கொடுத்தார். "கவலைப்படாதீங்க. இனிமே எல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

அவர் போனதும் மைத்துனர் வந்தார். "மாமா, கோர்ட் டாக்டர் நாளைக்குத்தான் வர்றாராம்."

"அப்ப வந்தது கட்சி ஆள்! சீட்டு நம்ம பையில மச்சான்! சிலிண்டர் தூக்கினப்பவே ஆள் விழுந்துட்டான்!"

கதவு படாரென்று திறந்தது. வாட்டசாட்டமான ஊழியர்கள் இருவர் வார் வைத்த ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"வாங்கய்யா, மனநல வார்டுக்குப் போலாம். பெரிய டாக்டர் இப்பத்தான் உங்களைப் பாத்து எழுதிக் குடுத்தார்."

"டேய், நான் நிஜமான அமைச்சர்டா!"

"ஆமாங்கய்யா. இந்த நம்பர்ல இருக்கறவர் அப்படித்தான் சொல்வார்னு எங்களுக்கும் சொல்லியிருக்காங்க" என்றபடி ஊழியர் ஒரு வாரை இறுக்கினார்.

வாசலில் நர்ஸம்மா தெரிந்தார். அமைச்சருக்கு உயிர் வந்தது. "அம்மா, நீங்களாவது சொல்லுங்கம்மா! பக்கத்து ரூம்காரனைப் பிடிச்சு வையுங்க! கட்சி ஆள் வந்தா அவனை நான்னு நினைச்சிடப் போறார்!"

"அவர் வந்துட்டுப் போயாச்சு சார்" என்றார் நர்ஸம்மா. "இவர் நீங்க தேடி வந்தவர் இல்லைன்னு நானும் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். அவர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார், 'இவர் மேல கேஸ் எதுவும் இல்லல்ல?' இல்லைன்னு சொன்னேன், கையோட கார்ல ஏத்திக் கூட்டிட்டுப் போயிட்டார்."